கொங்கண் பாதைக்கு மூன்றே வாசல்கள்

மழைக்காலத்தில், மேற்குக் கடலோரமாகப் போகும் கொங்கண் வழி ரயில்களையெல்லாம் ஏன் முன்கூட்டியே உள்பக்கப் பாதைக்கு மாற்றிவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுபது வயது அம்மாவோடு நாகர்கோவிலில் ஏறி பன்வேல் போகக் கிளம்பியது, மட்காவ் வந்ததும் ரயில் நின்றது, பல மணி நேரம் கழித்து லோண்டா, மீரஜ், புனே என்று சுற்றிக்கொண்டு போய் மறுநாள் ராத்திரி இறங்கியது, இடையில் எவரும் ஒரு வார்த்தை சொல்லாதது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மேலே இருப்பது ரயில்வேக்கான கேள்வி. அடியில் இருப்பது உங்களுக்கான கேள்வி: ஜூலையில் மறுபடி போக வேண்டியிருக்கிறது, இந்த டிக்கெட்டை நம்பலாமா? இரண்டுக்கும் சொல்கிறேன். நான் இயக்கப் பிரிவில் ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்து, பிறகு செக்‌ஷன் கண்ட்ரோலராக, அதாவது ஒரு பகுதியில் எந்த வண்டி போகலாம், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவனாக, பல வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். கொங்கணில் வேலை பார்த்ததில்லை. அங்கே அடைத்தால் திரும்பி வரும் ரயில்களைத் தெற்கே உட்கார்ந்து வாங்கி வழியனுப்பியவன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு டைவர்ஷன் என்றால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்வது. அந்த நினைப்போடுதான் ரயிலையும் பார்க்கிறோம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொங்கண் ரயில்வே ரோஹாவில் தொடங்கி மங்களூரு பக்கம் தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். இந்த நீளத்துக்கு வெளியே போக மூன்றே வாசல்கள். வடக்கே ரோஹா, பன்வேல் பக்கம் ஒன்று. நடுவில் மட்காவ், அங்கேதான் லோண்டாவிலிருந்து வாஸ்கோ போகும் தென்மேற்கு ரயில்வே பாதை சேர்கிறது. தெற்கே மங்களூரு. அவ்வளவுதான். ரத்னகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல் உருண்டு தண்டவாளத்தில் விழுந்தால், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட வண்டிக்குப் பக்கவாட்டில் ஒதுங்க இடமே இல்லை. ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி வைக்கலாம், அல்லது வந்த வழியே பின்னால் இழுக்கலாம். உங்கள் ரயில் மட்காவிலேயே நின்றது என்றால் அங்கே யாரோ ஒருவர் சரியான முடிவு எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நடு வாசலில் பிடித்து வைத்துவிட்டார். அதைத் தாண்ட விட்டிருந்தால் அடுத்த வாசல் ரோஹாதான், இடையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

சரி, வாசலில் நிற்கிற ரயிலை உடனே திருப்பி அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொங்கண் பாதை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே, கடலோரமாகப் போகிறது. உள்பக்கப் பாதைகள் மலைக்கு மேலே, தக்காணத்தில். எந்த வாசலில் வெளியேறினாலும் அதே மலையைத்தான் ஏற வேண்டும். மட்காவிலிருந்து லோண்டா போக குலேமிலிருந்து காசில்ராக் வரை மலைப்பாதை, ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். ரயிலுக்கு அது செங்குத்து மாதிரி. முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் தள்ளுவதற்கு பேங்கர் எஞ்சின்கள் வேண்டும். ஒரு வண்டியை மேலே தள்ளிவிட்டு அந்த பேங்கர் கீழே இறங்கி வந்தால்தான் அடுத்த வண்டிக்கு வேலை நடக்கும். அந்தப் பாதைக்கென்று தினசரி வண்டிகள், சரக்கு வண்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கிடையில் கொங்கணிலிருந்து ஐந்தாறு விருந்தாளிகள் ஒரே ராத்திரியில் வந்து நின்றால், பேங்கர் போய்த் திரும்பும் நேரம்தான் கணக்கு, வேறு எதுவும் கணக்கில்லை. அப்புறம் புனே தாண்டியதும் லோனாவாலாவிலிருந்து கர்ஜத் இறங்க இன்னொரு மலைப்பாதை, அதுவும் 37-க்கு 1 சரிவுதான். ஆக நீங்கள் அன்றைக்கு ஏற ஒரு மலை, இறங்க ஒரு மலை என்று பார்த்துவிட்டுத்தான் பன்வேல் போனீர்கள்.

அந்த மலையிலும் அதே மழைதான் பெய்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2021 ஜூலை 22 அன்று கொங்கண் பாதையில் இருக்கும் சிப்ளூணில் வசிஷ்டி ஆறு கரை புரண்டு, சிப்ளூணுக்கும் காமதேவுக்கும் நடுவில் ரயில் போக்குவரத்து நின்றது. மங்களூருவிலிருந்து மும்பை போக வேண்டிய சிறப்பு ரயிலை மட்காவ், லோண்டா, மீரஜ் வழியாகத் திருப்பினார்கள். வெள்ளத்திலிருந்து தப்பிக்க அனுப்பிய அந்த வண்டி மறுநாள் காலை அதே குலேம் மலைப்பாதையில் தூத்சாகருக்கும் சோனாலிமுக்கும் நடுவில் நிலச்சரிவில் மாட்டிக்கொண்டு, எஞ்சினும் முதல் பெட்டியும் தடம் புரண்டன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பயணிகளைப் பின்பக்கப் பெட்டிகளில் ஏற்றி குலேமுக்கே இழுத்துக்கொண்டு வந்தார்கள். ரயிலைத் திருப்பு, திருப்பு என்று யாராவது அவசரப்படுத்தும்போதெல்லாம் எனக்கு இந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

2024 ஜூலையும் அப்படித்தான். 10ஆம் தேதி வாக்கில் கோவா பெர்ணெம் சுரங்கத்துக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து பாதை மூடியது. அதைச் சரி செய்து ஓட விட்டார்கள். 14ஆம் தேதி மகாராஷ்டிராவில் திவாண்கவடி பக்கம் மண் சரிந்தது. அதையும் அள்ளினார்கள். மாதக் கடைசியில் மங்களூருவிலிருந்து ஹாசன் ஏறும் மலைப்பாதையில், சுப்ரமண்யா ரோடுக்கும் சக்லேஷ்பூருக்கும் நடுவில் சரிந்து, அது நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. கொங்கணின் தெற்குப் பகுதி அடைத்தால் மாற்று வழியாகச் சொல்லக்கூடிய பாதை அதுதான். 55 கிலோமீட்டர், 50-க்கு 1 ஏற்றம், ஐம்பதுக்கு மேல் சுரங்கங்கள். 2018 ஆகஸ்டிலும் அது இதே மாதிரி படுத்தது. மூலப் பாதையும் மாற்றுப் பாதையும் ஒரே மேகத்துக்குக் கீழே இருக்கும்போது, எதை எதற்கு மாற்று என்று சொல்வது?

இதற்கு ஒரு விலக்கு, மலையே ஏறாத வழி ஒன்றும் உண்டு. நம் பாலக்காட்டுக் கணவாய். ஷொர்ணூரிலிருந்து பாலக்காடு, கோவைப் பக்கம் வந்து, ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, குண்டக்கல், வாடி, சோலாப்பூர், புனே. கொங்கண் பாதை 1998 ஜனவரியில் முழுதாகத் திறப்பதற்கு முன்னால் கேரளாவிலிருந்து மும்பை போனவர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போனார்கள், கன்னியாகுமரியிலிருந்து போகும் ஜெயந்தி ஜனதா இன்றைக்கும் இதே பாதைதான். தூரக் கணக்கைப் பாருங்கள்: மும்பையிலிருந்து கொச்சிக்கு இந்தப் பழைய வழி 1,849 கிலோமீட்டர், கொங்கண் வழி 1,336. மங்களூருவுக்கு என்றால் வித்தியாசம் இன்னும் பயங்கரம், 2,041 கிலோமீட்டர் 914 ஆகக் குறைந்தது. தூரம் ஒரு பக்கம் இருக்கட்டும், மழைக்காலம் முழுக்க எல்லா ரயிலையும் உள்பக்கம் விடுங்கள் என்பது, கார்வாரிலும் உடுப்பியிலும் ரத்னகிரியிலும் இருப்பவர்களிடம் நாலு மாசத்துக்கு உங்களுக்கு ரயில் இல்லை என்று சொல்வதற்குச் சமம். அந்த ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்துப் போட்ட பாதை அது.

இன்னொரு விஷயம், கொங்கணில் நடந்தது என்று நாம் நினைக்கிற எல்லாமே கொங்கணில் நடந்ததில்லை. 2019 ஆகஸ்டில் மங்களூருவை ஒட்டி படீலுக்கும் குலசேகராவுக்கும் நடுவில் மலை சரிந்தது. அது தெற்கு ரயில்வே பகுதி. கொங்கண் பாதை முழுக்கத் திறந்து கிடக்க, தெற்கு வாசல் மட்டும் மூடிக்கொண்டது. ஏறக்குறைய ஒரு வாரம். கேரளாவிலிருந்து போகும் வண்டிகள் ஷொர்ணூரிலேயே திரும்பிப் பாலக்காடு, ஜோலார்பேட்டை என்று போக வேண்டியதாயிற்று.

முடிவெடுக்கும் இடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏன் உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அதில்தான் இருக்கிறது. என் காலத்தில் கண்ட்ரோலர் மேஜையில் பெரிய வரைபடத் தாள் இருக்கும். இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு பென்சில் கோடு. ஓடுகிற வண்டியின் கோடு சாய்வாகப் போகும், நிற்கிற வண்டியின் கோடு படுத்துவிடும். இப்போது அது கம்ப்யூட்டர் திரையில் தானாக வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்த கோட்டத்திலிருந்து போன் வரும், பாதை அடைத்துவிட்டது என்று. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எவ்வளவு நேரம்? அந்தப் பக்கம் இருப்பவருக்கே தெரியாது. சம்பவ இடத்தில் ஒரு பி.டபிள்யூ.ஐ., அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் இன்ஸ்பெக்டர், டார்ச் அடித்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார், மேலே இன்னும் எவ்வளவு தொங்குகிறது என்று இருட்டில் யார் கண்டது. இரண்டு மணி நேரம் ஆகும் என்பார். நாலு மணிக்குக் கேட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அள்ள அள்ள மேலேயிருந்து வந்துகொண்டிருக்கும்.

இதற்கு நடுவில்தான் சூதாட்டம். திருப்பி அனுப்பினால் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாமதம் நிச்சயம். நிறுத்தி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் திறந்தாலும் திறக்கலாம், இருபது மணி நேரம் ஆனாலும் ஆகலாம். பெரும்பாலும் முதலில் நிறுத்தி வைப்போம், அதுதான் நியாயமும். ஒரு தடவை நான் இரண்டு மணி நேரக் கணக்கை நம்பி ஒரு வண்டியை ஒரு சின்ன ஸ்டேஷனில் போட்டு வைத்தேன். ஏழு மணி நேரம் நின்றது. அங்கே ஒரே ஒரு டீக்கடை. பெட்டிகளில் தண்ணீர் தீர்ந்து, குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்டு ஒரு அம்மா ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கே வந்து நின்றதாக அவர் போனில் சொன்னார். தன் கெட்டிலில் போட்டுக் கொடுத்தாராம். அன்றைக்குப் பெரிய ஜங்ஷனில் நிறுத்தியிருக்க வேண்டும், நான் ஒரு ஸ்டேஷன் முன்னால் விட்டது தப்பு. அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பிடித்தாலும் தண்ணீர் பிடிக்கிற வசதியுள்ள ஸ்டேஷனா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன்.

திருப்பலாம் என்று முடிவானாலும் வண்டி உடனே கிளம்பாது. கொங்கண் தனி நிறுவனம், லோண்டா பாதை தென்மேற்கு ரயில்வே, மீரஜுக்கு மேலே மத்திய ரயில்வே, தெற்கே நாம், அதாவது தெற்கு ரயில்வே. ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஓட்டுநர். லோக்கோ பைலட்டுக்கு ஒரு பாதையில் வண்டி ஓட்ட வேண்டுமானால், அந்தப் பாதையில் பகலிலும் இரவிலும் சில ரவுண்டு கூடப் போய்ப் பழகி, எனக்கு இந்தப் பாதை தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எல்.ஆர். என்போம். சிக்னல் எந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிறது, இறக்கம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாதவர் கையில் மலைப்பாதையில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். கொங்கண் பழகியவருக்குக் காசில்ராக் மலைப்பாதை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே அந்தப் பக்கத்து ஆள் வர வேண்டும், அவரை எழுப்பி, அவருக்கு ஓய்வு நேரம் முடிந்திருக்கிறதா என்று பார்த்து, புக் பண்ணி வரவழைக்க வேண்டும். நீங்கள் மட்காவில் சும்மா நின்றதாக நினைத்த நேரத்தில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போயிருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன், உங்கள் வண்டியின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. அறிவிப்பு செய்யாதது மட்டும் நியாயமே இல்லை. தெரியவில்லை என்பதையாவது மைக்கில் சொல்லலாம். எங்கள் ஆட்களுக்கு அது வரவே வராது, நேரம் சொல்லத் தெரிந்தால்தான் வாயைத் திறப்போம் என்று ஒரு பழக்கம்.

மண் இப்படிச் சரிவதற்குப் பாதை போட்ட விதமும் ஒரு காரணம். வேலை 1990-இல் தொடங்கி எட்டு வருஷத்துக்குள் முடிந்தது, 90-க்கு மேல் சுரங்கங்கள், கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலையை வெட்டி நடுவில் தண்டவாளம் போட்ட இடங்கள்தான் அதிகத் தொல்லை. அங்கே மேலே செம்புரைக்கல்லும் மண்ணும். மழையில் ஊறினால் கனமாகிக் கீழே வரும், நடுவில் உள்ள பெரிய கற்களையும் கூட்டிக்கொண்டு வரும். பெர்ணெம் சுரங்கம் வெட்டும்போதே இளகிய மண்ணால் படாத பாடு படுத்தியது, திறப்பு விழாவே அதனால் தள்ளிப்போனது. 2020 ஆகஸ்டில் அதன் சுவரில் ஒரு பகுதி விழுந்து, ராஜதானி உட்பட வண்டிகள் நீங்கள் போன அதே லோண்டா, மீரஜ், புனே வழியில்தான் ஓடின.

2003 ஜூன் 22-இல் வைபவ்வாடி பக்கம் தண்டவாளத்தில் விழுந்த கற்களில் மோதி கார்வார்–மும்பை விடுமுறைச் சிறப்பு ரயில் கவிழ்ந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் மகாட் அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸுக்கும் இதே மாதிரி விபத்து. அதற்குப் பிறகுதான் மழைக்கால அட்டவணை என்ற ஒன்றே தீவிரமாக வந்தது. பல வருஷம் ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்தது, 2025-இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். சில பகுதிகளில் வேகத்தை 75, 90 என்று குறைக்கிறார்கள், பலத்த மழையில் கண் தெரியவில்லை என்றால் 40. வெட்டுப் பகுதிகளில் ராத்திரி பகலாக ரோந்து ஆட்கள், சரிவுகளில் வலை, பாலங்களில் வெள்ள எச்சரிக்கைக் கருவி. மெதுவாகப் போனால் கல்லைப் பார்த்து நிறுத்தலாம், எளிய கணக்கு. நீங்கள் கேட்ட மாற்றத்தைவிட இதுதான் அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் நம்பிக்கை. இரட்டைப் பாதை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதில் எனக்கு அவ்வளவு ஒப்புதல் இல்லை. ரோஹாவிலிருந்து வீர் வரை சுமார் 47 கிலோமீட்டர் இரட்டையாகிவிட்டது, வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட நிற்பது அங்கே குறைந்திருக்கும், நல்லதுதான். ஆனால் மலை விழும்போது இந்தத் தண்டவாளம் அந்தத் தண்டவாளம் என்று பார்த்து விழாது.

இனி உங்கள் டிக்கெட். ஜூலையில் போகத்தான் வேண்டும், அம்மாவும் கூட வருகிறார் என்றால் முதல் யோசனை, கொங்கணையே விட்டுவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக சோலாப்பூர், புனே தொட்டு மும்பை போகும் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நேரம் அதிகம் எடுக்கும், வெயில் ஊர்கள் வழியாகப் போகும், பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் மலை என்று பார்த்தால் கடைசியில் லோனாவாலா இறக்கம் ஒன்றுதான். கல்யாணில் இறங்கி டாக்ஸி பிடித்தால் பன்வேல் அப்படி ஒன்றும் தூரமில்லை. கொங்கண் வழிதான் என்றால் மழைக்கால நேரத்தைச் சரிபாருங்கள். சில வண்டிகள் வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடும், பழைய நேரத்தை நினைத்து வந்து பிளாட்பாரத்தில் நின்றவர்களை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். கிளம்பும் நாள் காலையில், வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். ஆப்பில் டைவர்ட் ஆன வண்டிகள் பட்டியலைப் பாருங்கள், அல்லது 139-க்குப் போன் போடுங்கள்.

வண்டி திருப்பப்பட்டுவிட்டது என்று ஏறுவதற்கு முன்பே தெரிந்தால், போக விருப்பமில்லை என்று டி.டி.ஆர்., அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். ஏறிப் பயணம் செய்துவிட்டால் அந்தக் கதை முடிந்தது. சுற்றிப் போன தூரத்துக்குக் கூடுதல் கட்டணம் மட்டும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு ஒரு சௌகரியம், எந்தப் பக்கம் சுற்றினாலும் பன்வேலைத் தொட வாய்ப்பு அதிகம். ரத்னகிரிக்கோ குடாளுக்கோ டிக்கெட் எடுத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம், அவர்கள் மட்காவிலேயே இறங்கி பஸ் தேடுவது நல்லது.

வண்டி எங்காவது நின்றுவிட்டால், அது சின்ன ஸ்டேஷனா பெரிய ஸ்டேஷனா என்று முதலில் பாருங்கள். மட்காவ் மாதிரி இடம் என்றால் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தண்ணீர், சாப்பாடு வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்தடுத்து வண்டிகள் வந்து நின்றால் கடைகளில் ஒன்றும் மிஞ்சாது. அம்மாவின் மாத்திரையை இரண்டு நாளுக்குச் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில்.